நைதர் வந்தால் நார் வரும், ஆங்கிலம் வருமா?

ஐதர் வந்தால் ஆர். நைதர் வந்தால் நார். போத் வந்தால் அண்ட். நாட் ஒன்லி வந்தால் பட் ஆல்ஸோ. நோ சூனர் வந்தால் தேன். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பலரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த ஜோடிகளைத் தப்பில்லாமல் ஒப்பிப்பார்கள். ஒப்பித்த கையோடு, இவற்றில் ஏதாவது ஒன்றை வைத்து உங்கள் மனதில் இருப்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும். வருடக்கணக்கில் படித்த பாடம் நாக்குக்கு வரவில்லையே என்று படித்தவரைக் குறை சொல்லியே பழகிவிட்டோம். குறை பாடத்தில் இருக்கிறது.

ஜோடிச் சொற்களை மண்டையில் ஏற்றிவிட்டால் கிராமர் வந்துவிடும், கிராமர் வந்தால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்பது பெற்றோர், பள்ளி நிர்வாகம், டியூஷன் சென்டர் மூவரும் ஒரே குரலில் சொல்லும் நம்பிக்கை. நாலாம் வகுப்பிலேயே கோரிலேட்டிவ் கன்ஜங்ஷன் நடத்துகிறோம் என்று பெருமையாகச் சொல்லும் பள்ளிகள் உண்டு. அந்தப் பெருமையை நம்பிப் பணம் கட்டும் பெற்றோரும் உண்டு. இந்த நம்பிக்கை அடியோடு தவறு. இலக்கணமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்வதற்கு எதுவுமே இல்லாத குழந்தையின் கையில் இரண்டு சொற்களைத் திணித்து, நடுவில் எதையாவது போட்டு நிரப்பு என்று சொல்வதற்கு இலக்கணம் என்று பெயர் வைத்திருக்கிறோமே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

எந்தப் பயிற்சி ஏட்டை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். இரண்டு சிறு வாக்கியங்கள் இருக்கும்: ரவி வரவில்லை, மணி வரவில்லை. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நைதர், நார். குழந்தை என்ன செய்கிறது? இரண்டு பெயரையும் அடிக்கோடிடுகிறது. முதல் பெயருக்கு முன்னால் நைதர், இரண்டாம் பெயருக்கு முன்னால் நார். இரண்டு வாக்கியத்திலும் இருக்கும் 'நாட்' என்ற சொல்லை அடிக்கிறது. மிச்சத்தைக் கடைசியில் ஒட்டவைக்கிறது. இரண்டு மார்க். இந்த வேலையில் ரவி யார், மணி யார், இருவரும் எங்கே வரவில்லை, வராததால் யாருக்கு என்ன கஷ்டம் என்ற எந்த யோசனைக்கும் இடமே இல்லை. ஐயம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். அர்த்தமே இல்லாத சொற்களைப் போட்டு, 'த பிலிக் இஸ் நாட் டார்ம், த பிலிக் இஸ் நாட் ஃபெஸ்ப்' என்று எழுதிக் கொடுத்து, நைதர் நார் போடச் சொல்லுங்கள். பயிற்சி பெற்ற ஆறாம் வகுப்புக் குழந்தை ஒரு கணம்கூடத் தயங்காமல் 'த பிலிக் இஸ் நைதர் டார்ம் நார் ஃபெஸ்ப்' என்று எழுதும். முழு மார்க் போட்டாக வேண்டும். பிலிக் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அர்த்தம் தெரியாமலேயே முழு மார்க் வாங்க முடிகிற ஒரு பயிற்சி, மொழியைக் கற்றுத்தருகிறது என்று எப்படி நம்புவது?

எங்கள் தெருவில் ஒரு ஏழாம் வகுப்புச் சிறுமி. ஜோடிச் சொல் பயிற்சியில் அவள் நோட்டில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை, வரிசையாக டிக். ஒருநாள் அவள் வீட்டுக்குக் கூரியர்காரர் வந்தார். வெளிமாநிலத்துப் பையன், தமிழ் தெரியாது. வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் சொன்ன பதில்: 'மை ஃபாதர் ஆல்ஸோ நாட் தேர், மை மதர் ஆல்ஸோ நாட் தேர்.' பையனுக்குப் புரிந்துவிட்டது, போய்விட்டார். நைதர் நாரைப் பயன்படுத்துவதற்கென்றே அமைந்த இடம் அது. பக்கம் பக்கமாக எழுதிப் பழகியிருந்தும் அந்த நேரத்தில் அது வரவில்லை. வந்தது என்ன? 'அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை' என்ற தமிழ் வாக்கியம், ஆங்கில உடுப்பில்.

இந்த வாக்கியத்தைப் பள்ளியில் சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும். எனக்கு அது பொக்கிஷமாகப் படுகிறது. எதை எதோடு சேர்க்க வேண்டும், எதை மறுக்க வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரையும் சமமாக நிறுத்தினாள். இரண்டு பேர் மேலும் 'உம்'மை வைத்தாள். இரண்டு இடத்திலும் இல்லை என்றாள். இணைச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் சிந்தனை முழுவதும் அவளிடம் இருக்கிறது. ஆங்கிலம் அந்தச் சிந்தனையை எந்தச் சொல்லில், எந்த இடத்தில் வைக்கிறது என்பது மட்டும்தான் தெரியவில்லை. சொல்லித்தர வேண்டியது அவ்வளவுதான். அதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை.

தமிழ்க் குழந்தைக்கு ஜோடியாகச் சேர்ப்பது புதிதா என்ன? மூன்று வயதில் 'எனக்கும் வேணும் பாப்பாவுக்கும் வேணும்' என்று அழுகிறது. 'அப்பாவும் அம்மா வந்தாங்க' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. ஒரு பக்கம் 'உம்' வைத்தால் மறுபக்கமும் வைக்க வேண்டும் என்று அதற்கு யாரும் பாடம் நடத்தவில்லை. 'இன்னைக்கோ நாளைக்கோ மாமா வருவாங்க' என்கிறது. 'ஒண்ணு நீ வா, இல்லாட்டி நான் வர்றேன்' என்கிறது. தொல்காப்பியம் இடையியலில் 'உம்' என்ற ஒரே இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. எண்ணுவதும் எதிர்மறையும் அந்த எட்டில் அடக்கம். இத்தனை நுட்பமான கருவியை வாயில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிற குழந்தையைப் பார்த்து, உனக்கு இணைப்பு என்றால் என்னவென்றே தெரியாது, ஐதர் ஆரிலிருந்து ஆரம்பிப்போம் என்கிறோம்.

ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், நைதர் நார் விஷயத்தில் முக்கியமாக இரண்டு. தமிழில் 'உம்' பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, ஆங்கிலத்தில் அந்தச் சொல் முன்னால் தனியாக நிற்கிறது. இது சுலபம், குழந்தை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதுதான் தொல்லை. தமிழில் மறுப்பு கடைசியில், வினையில் இருக்கிறது: ரவியும் மணியும் வரவில்லை. ஆங்கிலத்தில் நைதர், நார் என்ற சொற்களுக்குள்ளேயே மறுப்பு புகுந்துகொண்டது. வினையில் மறுபடி வைத்தால் இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் நம் பிள்ளைகள் 'நைதர் ரவி நார் மணி டிட் நாட் கம்' என்று எழுதுகிறார்கள். வருடா வருடம் இதே தவறு, வருடா வருடம் அதே சிவப்புக் கோடு. இந்தத் தவறு கவனக்குறைவில் பிறப்பதில்லை, தமிழின் ஒழுங்கில் பிறக்கிறது. 'கண்ணு, நம்ம மொழியில இல்லைங்கிறது கடைசியில வரும், அவங்க மொழியில நைதருக்குள்ளயே அது இருக்கு, அதனால இன்னொரு தடவை சொல்லாதே' என்று தமிழில் இரண்டு நிமிடம் விளக்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு விளங்கிவிடும். ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. நோயின் காரணத்தைச் சொல்லவும் விடாமல், மருந்தையும் கொடுக்காமல், நூறு தடவை இம்போஸிஷன் எழுத வைக்கிறோம்.

நாட் ஒன்லி விஷயமும் இப்படியே. 'மட்டும்' என்ற சொல்லைத் தமிழில் எங்கே வைப்பது என்பதில் நாம் எவரும் தடுமாறுவதில்லை. 'அக்கா பாட்டு மட்டுமல்ல, வயலினும் கற்றுக்கொள்கிறாள்' என்கிறோம். 'அக்கா பாட்டு கற்றுக்கொள்வது மட்டுமல்ல, மற்றவர்களுக்குச் சொல்லியும் தருகிறாள்' என்கிறோம். முதலாவதில் 'மட்டும்' பாட்டின்மேல், இரண்டாவதில் கற்றுக்கொள்வதன்மேல். ஆங்கிலத்திலும் நாட் ஒன்லி எதன்மேல் விழுகிறதோ, பட் ஆல்ஸோ அதே வகைச் சொல்லின்மேல் விழ வேண்டும். பெயருக்குப் பெயர், வினைக்கு வினை. ஆங்கிலம் எழுதிப் பிழைக்கிறவர்களே அதிகம் சறுக்குகிற இடம் இது. தமிழில் 'மட்டும்' எங்கே விழுகிறது என்று முதலில் பார், ஆங்கிலத்தில் நாட் ஒன்லியை அதற்கு முன்னால் வை என்று சொன்னால் போதும். குழந்தையின் காது ஏற்கனவே சரியாகத்தான் கேட்கிறது.

நான் மிகவும் கோபப்படுகிற இடம் வேறு. தோ, யெட் என்ற ஜோடியைப் பழக்குவதற்கு நம் பயிற்சி ஏடுகள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவரும் வாக்கியம் ஒன்று உண்டு: ஹி இஸ் புவர். ஹி இஸ் ஆனஸ்ட். இரண்டையும் சேர். விடை: அவன் ஏழையாக இருந்தாலும் நேர்மையானவன். இன் ஸ்பைட் ஆஃப் போட்டுச் சேர்த்தாலும், பட் போட்டுச் சேர்த்தாலும் இதே வாக்கியம்தான் சுற்றிச் சுற்றி வரும். இருந்தாலும் என்ற சொல்லை எப்போது போடுவோம்? ஒன்றிலிருந்து நாம் எதிர்பார்க்கும் இன்னொன்று நடக்காதபோது. மழை பெய்தாலும் பள்ளி உண்டு. மழை பெய்தால் விடுமுறை என்று எதிர்பார்த்தோம். அப்படியானால் ஏழையாக இருந்தாலும் நேர்மையானவன் என்பதற்குள் ஒளிந்திருக்கும் எதிர்பார்ப்பு என்ன? ஏழை என்றால் திருடுவான் என்பதுதானே. அரசுப் பள்ளியில், கட்டட வேலைக்குப் போகும் அப்பாவுக்கும் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் பிறந்த குழந்தை இதை நோட்டில் எழுதுகிறது. ஆசிரியர் டிக் போடுகிறார். அந்தக் குழந்தை தன் பெற்றோரைப் பற்றி என்ன எழுதியது என்பது அதற்கும் தெரியவில்லை, ஆசிரியருக்கும் தோன்றவில்லை. இருவரும் கெட்டவர்கள் இல்லை. சேர்ப்பது ஒரு கருத்தைச் சொல்வது என்பதையே மறக்கடிக்கும் விதத்தில் அந்தப் பயிற்சி அமைந்திருக்கிறது.

இணைச்சொல் என்பது ஆணி அடிக்கிற வேலை கிடையாது. இரண்டு விஷயங்களுக்கு நடுவில் நீ என்ன உறவைப் பார்க்கிறாய் என்ற கேள்விக்கு அது விடை. அதே இரண்டு வாக்கியத்தைக் கொடுத்து, எந்தச் சொல்லால் சேர்ப்பாய், ஏன் என்று கேட்டால் வகுப்பே உயிர் பெறும். ஒரு குழந்தை போத் அண்ட் போடும்: அவர் ஏழையும்தான், நேர்மையானவரும்தான். இன்னொரு குழந்தை பிகாஸ் போட்டுத் திருப்பி எழுதும்: நேர்மையாக இருப்பதால்தான் ஏழையாக இருக்கிறார். அந்தக் குழந்தையைத் தோளில் தூக்கிக் கொண்டாட வேண்டும். நம் விடைத்தாளில் அதற்குப் பூஜ்யம். அடைப்புக்குறிக்குள் கொடுத்த சொல்லைப் பயன்படுத்தவில்லையாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோவுக்கு யெட் கட்டாய ஜோடி என்பது பழைய நடை. இன்றைய ஆங்கிலத்தில் தோ தனியாகவே நிற்கும், யெட் தேவைப்படுவதில்லை. நோ சூனர் தேன் என்ற ஜோடி கதைகளிலும் கட்டுரைகளிலும் எப்போதாவது தலைகாட்டும். பேச்சில் ஆஸ் சூன் ஆஸ் என்பார்கள், இல்லாவிட்டால் வெறும் வென். ஆனால் நம் வகுப்புகளில் நோ சூனருக்குப் பிறகு டிட் வருமா ஹேட் வருமா, எழுவாய் எங்கே போகும் என்று நாள்கணக்கில் நடக்கிறது. மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடினார்கள் என்று எளிமையாக ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாத குழந்தைக்கு, அதையே தலைகீழாகத் திருப்பிச் சொல்லும் வித்தையைப் பழக்குகிறோம்.

இதைச் சொன்னால் மூத்த தலைமுறை உடனே எழுந்து நிற்கும். நாங்களெல்லாம் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை வரி வரியாகப் படித்துத்தான் வந்தோம், எங்களுக்கு ஆங்கிலம் வரவில்லையா? வந்தது, மறுக்கவில்லை. ஆனால் புகழை யாருக்குக் கொடுப்பது என்பதில் நியாயம் வேண்டும். அந்தத் தலைமுறையில் ஆங்கிலம் நன்றாக வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டு வாசலில் ஹிந்து பேப்பர் விழுந்திருக்கும். வாத்தியார் துணைப்பாட நூலை முழுதாக வகுப்பில் வாசித்திருப்பார். நூலகத்தில் எடுத்த நாவல்கள் இருந்திருக்கும். கல்லூரியில் ரசாயனத்திலிருந்து வரலாறு வரை ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டிய கட்டாயம் இருந்திருக்கும். இத்தனையும் சேர்ந்து கொடுத்த மொழிக்கான பெருமை முழுவதையும் ஒரு புத்தகம் அள்ளிக்கொண்டது. அதே வகுப்பில் அதே புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு, மேற்சொன்ன எதுவும் கிடைக்காமல் ஆங்கிலத்தில் ஃபெயிலாகிப் படிப்பையே விட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் இந்த விவாதத்துக்கு வருவதில்லை, நாங்களும் படித்தோம் வரவில்லையே என்று சொல்வதும் இல்லை. அந்தப் புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவரான பி. சி. ரென், பம்பாய் மாகாணத்தில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். 1924இல் வெளிவந்த 'போ ஜெஸ்ட்' நாவலால் உலகப் புகழ் பெற்றவரும் அவர்தான். அவருடைய இலக்கணத்தை வாங்காத மேல்நிலைப் பள்ளி அரிது. அவருடைய நாவலை, அல்லது வேறு யாருடைய நாவலையாவது, அதே பிள்ளைகள் கையில் கொடுத்த பள்ளிகள் எத்தனை?

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை மதிக்கிறேன். வீட்டில் ஆங்கிலப் பேப்பரும் இல்லை, பேசுவாரும் இல்லை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு விதிகளைத் தவிர வேறு என்ன ஏணி இருக்கிறது என்று பல அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நாற்பது, ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நின்றுகொண்டு கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் வெளிநாட்டிலிருந்து வந்ததில்லை. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் என். எஸ். பிரபு ஒரு பரிசோதனை நடத்தினார். அப்போது அவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணிபுரிந்தார். உலகம் முழுக்க மொழி கற்பிப்போர் பெங்களூர் திட்டம் என்று இன்றும் பேசும் பரிசோதனை அது. அதில் இலக்கணப் பாடத்திட்டமே கிடையாது. ரயில் அட்டவணை, ஊர் வரைபடம், நாள்காட்டி என்று கையில் கொடுத்து, கணக்குப் போடுவதுபோல் யோசித்து விடை காணவேண்டிய வேலைகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பேச்சு, கேள்வி, பதில் எல்லாம் அந்த வேலையைச் சுற்றியே நடந்தன. மனம் பொருளில் ஆழ்ந்திருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே இறங்குகிறது என்பது பிரபுவின் கொள்கை. 1987இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

இந்தத் திட்டத்தை பெரெட்டா, டேவிஸ் என்ற இருவர் வெளியிலிருந்து மதிப்பிட்டு 1985இல் முடிவை வெளியிட்டார்கள். வாக்கிய அமைப்பைத் தனியாகப் பிரித்துச் சோதிக்கும் தேர்வில் வழக்கமான வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். கொடுத்த வேலையை ஆங்கிலத்தில் யோசித்து முடிக்கும் தேர்விலும், சூழலுக்குள் வைத்து இலக்கணத்தைக் கேட்கும் தேர்விலும், கேட்டுப் புரிந்துகொள்வதிலும் படித்துப் புரிந்துகொள்வதிலும் திட்டத்துப் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். எதைப் பயிற்றுவித்தார்களோ அது வந்திருக்கிறது. வாக்கியம் சேர்க்கப் பழக்கினால் வாக்கியம் சேர்க்கத் தெரியும். மொழியைக் கையாளப் பழக்கினால் மொழியைக் கையாளத் தெரியும். நாம் முதலாவதைப் பழக்கிவிட்டு இரண்டாவதை எதிர்பார்க்கிறோம். வாரத்துக்குச் சில மணி நேரம்தான் ஆங்கிலம் காதில் விழுகிற குழந்தைக்கு அந்தச் சில மணி நேரமும் பொருளுள்ள ஆங்கிலமாக இருக்க வேண்டும். வசதி இருக்கும் குழந்தை, வகுப்பில் வீணாகும் நேரத்தை வீட்டில் ஈடு கட்டிக்கொள்ளும். ஏழைக் குழந்தைக்கு ஈடு கட்ட வேறு இடம் இல்லை.

சென்னையில் இருந்தவர் சொன்னதை நாம் மறந்துவிட்டோம். வெளிநாட்டில் சொன்னால்தான் கேட்போம் என்றால் அங்கேயும் அறுபது வருடமாக இதையேதான் சொல்கிறார்கள். 1963இல் அமெரிக்காவில் பிராடக், லாய்ட்-ஜோன்ஸ், ஷோர் மூவரும் அதுவரை நடந்த ஆய்வுகளை அலசினார்கள். தனியாக நடத்தும் இலக்கணம் எழுத்தை வளர்ப்பதில் மிகச் சொற்பமான பயனே தருகிறது, எழுதிப் பழகும் நேரத்தைப் பறித்துக்கொள்வதால் கெடுதலாகவும் முடியும் என்றார்கள். இங்கிலாந்தில் 2013 முதல் பதினொரு வயதுக் குழந்தைகளுக்கு அரசே தனி இலக்கணத் தேர்வு வைக்கிறது. அங்கே ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளிடம் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கண வகுப்புகளால் கதை எழுதும் திறன் குறிப்பிடும்படி உயரவில்லை. ஆங்கிலத்தையே தாய்ப்பாலோடு குடித்த குழந்தைகளின் நிலை அது.

விவரம் தெரிந்த ஆசிரியர்கள் சிலர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். வாக்கியங்களைச் சேர்க்கும் பயிற்சி எழுத்தை வளர்க்கிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றனவே? ஆம், சொல்கின்றன. 1973இல் ஃபிராங்க் ஓ'ஹேர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைக் காட்டினார். கிரஹாம், பெரின் இருவரும் 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது வாக்கியம் சேர்ப்பது பயன்தரும் முறைகளின் பட்டியலில் இடம்பெற்றது; தனி இலக்கண வகுப்போ எழுத்தின் தரத்தைக் குறைக்கும் பக்கத்தில் நின்றது. ஆனால் ஓ'ஹேரின் வகுப்பில் இலக்கணக் கலைச்சொற்களே கிடையாது. தன் புத்தகத்தின் தலைப்பிலேயே அதைச் சொன்னார். ஒரே விஷயத்தைப் பற்றிய பல சிறு வாக்கியங்களைச் சேர்த்து எழுதிப் பழகிய அந்தப் பிள்ளைகளின் சொந்த எழுத்து அடர்த்தியானது. அந்த வழியில் வந்த பயிற்சிகளில் இப்படி எழுதினால் எப்படி ஒலிக்கிறது, அப்படி எழுதினால் எப்படி ஒலிக்கிறது என்று பிள்ளைகள் பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். நம் தாளில் இரண்டே வாக்கியம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துக் கேள்விகள், சொல்லை நாமே கொடுத்துவிடுவோம், விடை ஒன்றே ஒன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. தேர்ந்தெடுக்கும் உரிமையை எடுத்துவிட்டால் அதில் மிஞ்சுவது எழுத்து வேலை மட்டும்.

அப்படியானால் ஐதர் ஆரை எப்படித்தான் சொல்லித்தருவது? பிரபு காட்டிய வழியிலேயே, நம் ஊர்ப் பொருளை வைத்து. கரும்பலகையில் நாலு பஸ் நேரத்தை எழுதுங்கள். பாட்டி மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பத்து மணிக்குள் போக வேண்டும். ஏழு மணி வண்டி பத்தே காலுக்குச் சேரும். ஏழே கால் எக்ஸ்பிரஸ் ஒன்பதே முக்காலுக்குச் சேரும், ஆனால் பைபாஸில் போவதால் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நிற்காது. ஐந்தே முக்கால் வண்டியும் ஆறு மணி வண்டியும் நேரத்துக்குச் சேரும். பாட்டிக்கு என்ன சொல்வாய்? குழந்தைகள் முதலில் தமிழில் சண்டை போடட்டும். 'ஏழு மணி வண்டியும் ஆகாது, எக்ஸ்பிரஸும் ஆகாது' என்று ஒரு குழந்தை சொல்லும். அந்தக் கணத்தில் கரும்பலகையில் நைதர், நார் என்று எழுதி, இதைத்தான் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள் என்று காட்டுங்கள். 'ஒண்ணு அஞ்சே முக்கால், இல்லாட்டி ஆறு மணி' என்று இன்னொரு குழந்தை சொன்னால் ஐதர், ஆர். பாட்டி நடக்க முடியாதவர் என்று ஒரு நிபந்தனை சேருங்கள், நாட் ஒன்லிக்கு வேலை வந்துவிடும். குழந்தைக்குச் சொல்ல வேண்டியது முதலில் வந்தது, சொல் அதன் பின்னால் வந்தது. தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்த சொல்லை யாரும் லேசில் மறப்பதில்லை. விதியைப் பெயர் சொல்லி விளக்குவதற்கும் அதுதான் நேரம். கேட்கக் காது திறந்திருக்கும்.

இதற்குப் புதுக் கட்டடமோ ஸ்மார்ட் போர்டோ வேண்டாம். வேண்டியது வினாத்தாளில் ஒரு மாற்றம். ஆசிரியர்களை நான் குற்றம் சாட்ட மாட்டேன். வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர்கள் நடத்த முடியும். ரிசல்ட் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். வகுப்பறையில் ஆங்கிலம் ஏராளமாகப் புழங்க வேண்டும், பொருளோடு புழங்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி ஆங்கிலம் கற்பித்தல் பற்றி எழுதப்பட்ட அறிக்கை வலியுறுத்தியது. சமச்சீர்க் கல்வி வந்தது, பிறகு புதிய பாடநூல்கள் வந்தன, பாடங்களில் நல்ல கதைகள்கூட வந்தன. ஆனால் இரண்டு வாக்கியத்தைச் சேர் என்ற கேள்வி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும்வரை கதையை ஓரம் தள்ளிவிட்டு கைடுதான் வகுப்பை நடத்தும்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு சிறு அட்டவணையோ, இரண்டு பேர் சண்டை போடும் நாலு வரி உரையாடலோ கொடுத்து, நீ எந்தப் பக்கம், ஏன் என்று ஐந்து வரி எழுதச் சொல்லலாம். அதில் இணைச்சொல் சரியாக விழுந்தால் மார்க், பொருள் சரியாக நின்றால் மார்க். ஒரே விடை இல்லாத கேள்வியை லட்சக்கணக்கான தாளில் எப்படித் திருத்துவது என்று கேட்பார்கள். கடிதம் எழுது, பத்தி எழுது என்ற கேள்விகள் அதே தாளில் எத்தனையோ வருடமாக இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையும் வேறு வேறு மாதிரி எழுதுகிற அந்த விடைகளுக்குத் திருத்தும் முகாமில் உட்கார்ந்து ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மார்க் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த ஐந்து வரியையும் அவர்களால் திருத்த முடியும்.